சரிவில் பனி நிற்குமா

பனிச்சறுக்க வருபவர்களை மேலே ஏற்றிச்செல்லப் புது ரோப் கார் வேண்டுமா என்று முடிவெடுக்க ஊர்மன்றம் கூடியிருந்தது. தலைநகர் லுப்லியானாவில் பருவநிலை ஆய்வு செய்யும் நேவா, கணினியில் ஓட்டிய கணக்குப்படி இன்னும் முப்பது வருடத்தில் இந்தச் சரிவில் பனிக்குப் பதில் மழைதான் பெய்யும் என்று சொன்னதும் கூடம் கொதித்தது.

"உன் கம்ப்யூட்டருக்கு நம்ம மலை எங்க இருக்குன்னாவது தெரியுமா?" என்று கத்தினார் விடுதிக்காரர் காஷ்பர்.

"மொதல்ல தெரியலதான். வரைபடத்தப் பெரிய பெரிய கட்டமாப் போட்டப்ப மலையையே வெறும் மேடுன்னு எடுத்துக்கிச்சு. அதான் சின்னக் கட்டமாப் பிரிச்சு மறுபடி ஓட்டினேன். உச்சியில பனி இருக்கு. நாம சறுக்குற எடத்துலதான் இல்ல."

எல்லோரும் அவள் அண்ணன் பிளாஷைப் பார்த்தார்கள். பழைய ரோப் காரை ஓட்டுபவன் அவன். புதியதற்காக வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டியவனும் அவன்தான்.

"எத்தன தடவ ஓட்டிப் பார்த்த?" என்று கேட்டான் பிளாஷ்.

"கணக்கே இல்லண்ணா. ஒரு தடவையாவது பனின்னு வந்துடாதான்னு பார்த்தேன்."

'வேண்டாம்' என்று முதலில் உயர்ந்த கை பிளாஷுடையது. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் எழ, திட்டம் தோற்றது.

வெளியே வந்ததும் அவன் வண்டிச் சாவியை அவளிடம் நீட்டினான். "நீயே ஓட்டு. நான் அந்தப் பழைய ரோப் காரைப் பார்த்துக்கிட்டே வரேன்."