மாடிப்படிக்குக் கீழே யுவராணியின் குரல்

யுவராணி முதன்முதலாகக் கணவன் வீட்டாரோடு விடுமுறையைக் கழிக்க நியூசிலாந்துக்குப் போனபோது அவளுடைய குரல் அவளோடு போகவில்லை. மண்ணூர்பேட்டையில் அவள் அப்பா ஏகாம்பரத்தின் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருக்கிற இடத்தில் அது தங்கிவிட்டது. அவள் அங்கே பேசியதெல்லாம் இங்கே கேட்டது. முதலில் வந்தது "தேங்க்யூ" என்ற சொல். அவள் அம்மா பொன்னியம்மா அதைப் பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா குளிரு இது, கோடைன்னு சொன்னாங்களே" என்று மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். சுவர் சுவராகத்தான் இருந்தது.

ஏகாம்பரம் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்காரர். தன் தாத்தா நெல் போட்ட இடத்தில் எழும்பிய ஒரு கம்பெனியிலேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யுவராணி அதே பேட்டையில் வேலைக்குப் போன சாஃப்ட்வேர் கம்பெனியில் ராகவனைப் பார்த்தாள். ராகவனின் பெற்றோர் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து கொரட்டூரில் ஃப்ளாட் எடுத்திருந்தவர்கள். மகள் கிருஷ்ணப்பிரியா நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் வீடு வாங்கியதும் அவளோடு போய்த் தங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்துபோன பிறகு மருமகளிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வருஷா வருஷம் டிசம்பரில் ஹாமில்டனுக்கு வரவேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் மாமியார் போனில், "இங்க நம்ம ஜனங்க நிறைய பேர் வீட்டுக்கு வருவாங்கம்மா. இன்னா, கீதுன்னு பேசிடாதே" என்று பிரியமாகத்தான் சொன்னாள். யுவராணியும் சரி என்றாள். விமானத்தில் ராகவன் தூங்கும்போது 'என்ன', 'இருக்கு' என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே போனாள்.

ஹாமில்டன் வீட்டில் அவளுக்குக் குரல் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ராகவன் மட்டும் இரண்டாம் நாள், "தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் தலையாட்டினாள். மாமியார் வந்துபோனவர்களிடம், "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. நல்லா வளர்த்திருக்காங்க" என்று பெருமையோடு சொன்னாள். பெற்றோரோடு வீடியோவில் பேசியபோதுதான் குரல் எங்கே இருக்கிறது என்று யுவராணிக்கே தெரிந்தது. திரையில் அவள் உதடு அசைவதற்குக் கொஞ்சம் முந்தியே படிக்குக் கீழே குரல் வந்துவிட்டது. பொன்னியம்மா, "உன் பேச்சு இங்க கீதும்மா. நீ பேசு, எங்களுக்குக் கேக்குது" என்று அழுதாள். அதன் பிறகு அந்த விடுமுறை முழுவதும் யுவராணி, பாத்திரம் துலக்கும்போதும் தோட்டத்தில் துணி காயப்போடும்போதும், மண்ணூர்பேட்டைக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். ஹாமில்டனில் இருந்தவர்களுக்கு அவள் உதடு அசைவது சுலோகம் சொல்வது போலத் தெரிந்தது. ஜனவரியில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கி, குடியேற்ற வரிசையில் நிற்கையில் அவளுக்கு ஒரு இருமல் வந்தது. கூடவே குரலும் வந்துவிட்டது. அம்பத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்றார்.

அடுத்த டிசம்பரிலும் அப்படியே நடந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மின்வெட்டைப் போல அதற்கும் ஒரு பருவம் உண்டு என்று பழகிக்கொண்டார்கள். பிறகு வர்ஷா பிறந்தாள், கொரோனா வந்தது, நாடுகள் கதவை மூடிக்கொண்டன. ஊரே அழுத அந்த வருஷங்களில் யுவராணி மட்டும் நிம்மதியாக இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொரட்டூர் ஃப்ளாட்டில் நாள் முழுக்கக் குழந்தையோடு பேசினாள், பாடினாள், ராகவனோடு சண்டை போட்டாள். கதவுகள் திறந்த வருஷம், வர்ஷாவுக்கு மூன்று வயது நடக்கும்போது, மறுபடி டிக்கெட் போட்டார்கள். "எனக்கு அங்க வாய் இல்ல ராகவ். கொயந்தைய வச்சிகினு எப்படி?" என்று அவள் கெஞ்சினாள். "மூணு வாரம்தானே" என்றான் ராகவன்.

மூன்று வாரம் இல்லை என்பது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில் கிருஷ்ணப்பிரியா தம்பி ராகவனுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாக அறிவித்தாள். வர்ஷாவுக்குப் பள்ளியும் பார்த்தாகிவிட்டது. திரும்புகிற டிக்கெட்டை ராகவன் ஏற்கெனவே ரத்து செய்திருந்தான். "ஒனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்று மாமியார் கேட்டாள். யுவராணி எழுந்து நின்று முடியாது என்றாள். இரண்டாவது முறை கத்தினாள். மண்ணூர்பேட்டையில் அந்தக் குரலுக்குக் காக்கைகள் மதில் சுவரை விட்டு எழும்பின. மேஜையில் இருந்தவர்கள் அவள் வாய் திறந்து மூடுவதைப் பார்த்தார்கள். "சந்தோஷத்துல திணறிப் போயிட்டா" என்று சொல்லி, மாமியார் பாயசத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் ராகவனின் போனுக்கு எழுதி அனுப்பினாள். எழுத்தில் கத்தல் இல்லை. அப்புறம் பேசலாம் என்று அவன் பதில் போட்டான். ஏகாம்பரம் போன் செய்து கேட்டதற்கு, "நல்ல வாய்ப்பு மாமா, அவளும் ஒத்துக்கிட்டா" என்றான். அப்போது படிக்குக் கீழே, "ஒத்துக்கல நைனா, நான் ஒத்துக்கல" என்று மகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் அதையும் மாப்பிள்ளையிடம் சொன்னார். மாமனார் மகளைப் பிரிய மனமில்லாமல் பேசுகிறார் என்று ராகவன் எடுத்துக்கொண்டான். பொன்னியம்மா அன்றிலிருந்து அடுப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டுப் படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மகளின் அழுகைக்குப் பதில் சொன்னாள். பதில் அங்கே போய்ச் சேராது என்று தெரிந்தும் சொன்னாள்.

புது வருஷம் பிறந்த வாரத்தில் குடும்பம் ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரைக்குப் போனது. மாமனார் பக்தவத்சலம் கரையோரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் மரத்தடியில் புளியோதரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யுவராணி தண்ணீர்ப் பாட்டில்களை எடுக்க மேட்டில் நிறுத்தியிருந்த காருக்குப் போனவள் திரும்பிப் பார்த்தபோது, வர்ஷா ஒரு வாத்தின் பின்னால் ஏரிக்குள் நடந்துகொண்டிருந்தாள். முட்டியளவு, பிறகு இடுப்பளவு. யுவராணி கூப்பிட்டாள். பாட்டில்களை எறிந்துவிட்டு ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். மரத்தடியில் ஒருவரும் தலை தூக்கவில்லை.

மண்ணூர்பேட்டையில் அப்போது காலை. மோட்டார் போட வந்த ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேரே, "வர்ஷா, தண்ணியில எறங்காத, யாராச்சும் புடிங்க, ஐயோ திரும்பிப் பாருங்க" என்று அலறல் வந்தது. மாப்பிள்ளை எண் அடித்தது, எடுக்கவில்லை. சம்பந்தியின் எண்ணைப் போட்டார். பக்தவத்சலம் எதையும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நிதானமாக எடுத்து, "சொல்லுங்கோ, ஹேப்பி நியூ இயர்" என்றார்.

"சம்பந்தி, திரும்பிப் பாருங்க. கொயந்த தண்ணில கீது."

பக்தவத்சலம் திரும்பினார். வாத்து தெரிந்தது, குழந்தையின் தலைமயிர் மட்டும் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர் போனைப் புல்லில் போட்டுவிட்டு, செருப்போடும் பேண்டோடும் இறங்கி, பேத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். குழந்தை தண்ணீரைக் கக்கி அழுதது. அழுகை கேட்ட பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். மேட்டிலிருந்து வந்து சேர்ந்த யுவராணி வர்ஷாவைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்தாள். புல்லில் கிடந்த போன் அணையவில்லை. ஏகாம்பரம் தன் போனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். யுவராணி வாயைத் திறந்தாள். அவள் மாமியார் வீட்டார் முதன்முறையாக அந்த நாட்டில் அவள் குரலைக் கேட்டார்கள். அது அவர்கள் காலடியிலிருந்து வந்தது.

"எத்தினி வாட்டி இந்த ஊட்டுக்கு வந்துகினு கீறேன். ஒருத்தராச்சும், இன்னாம்மா, பேசவே மாட்டேன்றியேன்னு கேட்டீங்களா? எனக்கு இங்க வாய் இல்ல. என் கொயந்த முழுவுறத நான் பாத்துனே ஓடியாறேன், என்னால உங்கள கூப்ட முடியல. எங்கப்பன் அங்கேர்ந்து கூப்ட்டு சொல்ல வேண்டியதா போச்சு. நான் இங்க இருக்க மாட்டேன். ராகவ், கேக்குதா உனக்கு? நான் ஒத்துக்கல. எப்பவும் ஒத்துக்கல."

பிறகு மாமியார் நிஜமாகவே வருத்தத்தோடு, "இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். பக்தவத்சலம் நனைந்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மகனைப் பார்த்து, "டிக்கெட் போடுடா" என்றார். ராகவன் போட்டான். ஆனால் இரண்டு டிக்கெட்தான் போட்டான். வேலைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றான். விமான நிலையத்தில் அவள் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் காதைக் கிட்டே கொண்டுவந்தும் கேட்கவில்லை. பொன்னியம்மாவுக்குக் கேட்டது. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறு மாதம் வருஷங்களாயிற்று. யுவராணி மண்ணூர்பேட்டையிலிருந்து வேலைக்குப் போகிறாள். வர்ஷா அம்பத்தூரில் படிக்கிறாள். டிசம்பர் வந்தால் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள். அந்தப் பிடிவாதத்தை மட்டும் யுவராணியால் தட்ட முடியாது. ஆகவே வருஷா வருஷம் போகிறாள், குரல் தங்கிவிடுகிறது. அந்த மூன்று வாரமும் ஏகாம்பரமும் பொன்னியம்மாவும் முறைபோட்டுப் படிக்குக் கீழே உட்கார்கிறார்கள். ஹாமில்டனில் சாப்பிடும் வேளைக்குப் போன் போடுவார்கள். அங்கே மேஜையில் யுவராணியின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து அவள் இன்னா, கீது என்றே பேசுவாள். மாமியாருக்கு அது பழகிவிட்டது. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று மருமகளிடம் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்ப்பாள். மாமியாரைப் பற்றி யுவராணி வாய்க்குள் முணுமுணுப்பது வந்தால் ஏகாம்பரம் உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொள்வார்.

போன டிசம்பரில் ஒரு நாள் மண்ணூர்பேட்டையில் பொழுது சாய்கிற நேரம். ஹாமில்டனில் எல்லோரும் படுத்தாகிவிட்டது. போனுக்கு வேலை முடிந்திருந்தது. பொன்னியம்மா இரவுத் தோசைக்குச் சட்னி அரைக்கத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படிக்குக் கீழே குரல் வந்தது. அது பெற்றோருக்காகப் பேசுகிற குரல் இல்லை. "ராகவ், நீ தூங்கிகினு கீற. தூங்கு. உனக்குத்தான் கேக்காதே. என்னால முடியல ராகவ். வருசத்துல மூணு வாரம் புருசன். அதுலயும் பேச்சு இல்ல. நீ வந்துடேன். இல்லனா என்னய விட்டுடேன். ரெண்டுல ஒண்ணு சொல்லேன்."

பொன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவன் நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தான்.

"என்ன அத்தை, இந்த நேரத்துல? மாமாவுக்கு ஏதாவது..."

"மாமாவுக்கு ஒண்ணுமில்ல. உங்க பக்கத்துல படுத்துனு கீறவ பேசறா மாப்ள. கேளுங்க."

போனை மோட்டார் சுவிட்சுக்கு மேலே வைத்தாள். குரல் நின்று, பின்னர் மெதுவாக மறுபடி தொடங்கியது. மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று பொன்னியம்மா அடுப்படிக்கு வந்து, தேங்காயை ஜாரில் போட்டு மிக்சியை முடுக்கினாள். அரைத்து நிறுத்தியபோது பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை. ஒரு பிடி பொட்டுக்கடலையைப் போட்டு மறுபடி ஓட்டினாள். நிறுத்தினாள், இப்போது போனிலிருந்து ஆண்குரல் கேட்டது, அழுகிற குரல். சட்டென்று இரண்டு பச்சை மிளகாயைப் போட்டு மூடி, இன்னும் நெடுநேரம் ஓட்டினாள். அன்றைக்குச் சட்னி சந்தனம் போல இருந்தது. ஏகாம்பரம் இன்னொரு தோசை போட்டுக்கொண்டார்.