பெட்டியை அணைச்சியா?

"பெட்டியை அணைச்சியா?" என்று பெரியக்கா கேட்டாள்.

சின்னக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே பல்லவி. அணைச்சாச்சு என்றால் தலையாட்டுவாள். அந்த ஆட்டம் நிற்பதற்குள் மறுபடி கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய இஸ்திரிக் கடை அது. பெரியக்காவுக்கு மறதி நோய் வந்தபின் சின்னக்கா ஒருத்தியே மேசை முன்னால் மாரடிக்கிறாள். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பெரியக்கா கேள்வி கேட்கிறாள். எல்லாம் மறந்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் மறந்து தொலைக்கவில்லை.

இதில் தம்பி வேறு வந்து இறங்கியிருந்தான், கைபேசி நிறைய அறிவுரையோடு.

"கோபப்படக் கூடாது சின்னக்கா. அவங்க கேக்குறது கேள்வி இல்ல, பயம். உன்னால முடியலன்னா சொல்லு, முதியோர் இல்லத்துல இடம் பேசி வச்சிருக்கேன். சாயங்காலம் நான் கிளம்பறப்ப கூட்டிட்டுப் போயிடுறேன்."

விருந்தாளிக்கு வாய் வலிக்குமா என்ன? ஆனால் அக்காவை யாரோ எவரோ குளிப்பாட்டிவிடுவதைச் சின்னக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமைசாலி வேஷம் போட்டாள்.

மத்தியானம் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, எதிர் மாடிவீட்டுக்குத் துணிமூட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். வாசலிலேயே பெரியக்கா பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியை அணைச்சியா?"

"அணைச்சுட்டுத்தான்க்கா போனேன்."

"இல்ல. பெட்டியை அணைச்சியா?"

"நிதானம், நிதானம்" என்றான் தம்பி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது அதுதான்.

இஸ்திரி போடுகிறவர்களுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. சூடு இருக்கிறதா என்று ஈர விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சின்னக்காவுக்கு அந்த நிதானம் எங்கே இருந்தது?

"நீயே தொட்டுப் பாரு. அப்பவாவது வாயை மூடுவியா?"

அக்காவின் கையை இழுத்து, நிமிர்த்தி வைத்திருந்த பெட்டியின் அடித்தட்டில் உள்ளங்கையை அப்படியே அழுத்தினாள்.

பெரியக்கா அலறிவிட்டாள்.

"எவன்டா இதைப் போட்டது?" என்று சின்னக்கா கத்தினாள்.

தம்பி எழுந்து நின்றான். "ஊருக்குப் போகச் சட்டை கசங்கியிருந்துச்சு. தேய்ச்சுட்டு அணைக்க மறந்துட்டேன்."

மறந்துவிட்டானாம். அவனுக்கு ஒரு நோயும் இல்லை. சின்னக்கா அக்காவின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

அவன் அதற்குள் சுதாரித்துவிட்டான். "போட்டது என் தப்பு. கையைப் புடிச்சு வச்சது யாரு? இனி இவங்கள உன்கிட்ட விட முடியாது. துணிமணியை எடுத்து வை."

சின்னக்கா குழாயை மூடினாள். அவன் சொன்னது உண்மை.

பெரியக்கா ஈரக் கையோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். தம்பியை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டாள்.

"அவளைத் திட்டாதீங்க. சின்னப் பொண்ணு, இப்பத்தான் தொழில் பழகுறா. சட்டை கருகியிருந்தா என்னைக் கேளுங்க."

அறுபதை நெருங்கும் அந்தச் சின்னப் பொண்ணு தம்பியின் பையைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

"முதலாளி சொல்லிட்டாங்க, கேட்டேல்ல? கிளம்பு."

அக்காவின் கையை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.