பாதிவரை பிடித்த கயிறு

அந்தப் பாய்மரப் படகுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருக்கும் ராகவன் ஒருவர். கோவளத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் முபஷ்ஷிர் இன்னொருவர். ஒருவரை விட்டு மற்றவர் படகை எடுப்பதில்லை என்பது இருவருக்குள் பேச்சு. புதுச்சேரிக்கு முதல் பயணமும் சேர்ந்துதான் என்று ராகவன் வருடக்கணக்காக ஆசையை அடைகாத்து வந்தார். மகன் நிதினையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். படகில் ஏறினாலே குமட்டும் என்று அவன் ஒரேயடியாகக் கைகழுவிவிட்டான்.

இன்று அந்தப் பயணம். விடிந்ததும் வந்து பார்த்தால் முன்பாய் மக்கர் செய்தது.

படகின் மூக்கிலிருந்து பாய்மரத்து உச்சிக்குப் போகும் கம்பியில்தான் முன்பாயைச் சுருட்டி வைப்பார்கள். கம்பியின் அடியில் ஓர் உருளை. பாயைப் பிரித்தால் உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் பாய் சுருளும். இப்போது பாய் பாதி சுருண்டு, மீதி கையால் கட்டிய மூட்டையாக நின்றது. ராகவன் கயிற்றை இழுத்துப் பார்த்தார். உடும்புப் பிடி. சுருட்ட முடியாத பாயோடு கடலுக்குப் போவது தற்கொலை.

"என்னடா இது?"

"செவ்வாக்கெழம அடிச்ச காத்துல தானா அவுந்துகிச்சு மச்சான். நான்தான் வந்து கட்டி வெச்சேன்" என்றான் முபஷ்ஷிர்.

ராகவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடி வரமாட்டான். "நல்லவேளை நீ இருந்தே" என்று சொல்லிவிட்டு, மூக்கில் மண்டியிட்டு உருளையின் மூடியைக் கழற்றினார்.

கயிற்றின் மேல் கயிறு ஏறிச் சிக்கியிருந்தது. அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. பாய் பிரியும்போது கயிற்றைச் சும்மா விடக்கூடாது. ஒருவர் பாயை இழுக்க, மற்றவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எப்போதும் முபஷ்ஷிர் பாய்ப்பக்கம், ராகவன் கயிற்றுப்பக்கம். அந்த இடத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நெம்பி ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். மேலே இருந்ததெல்லாம் தொளதொளவென்று வந்தது. அடியில் போனதும் கை நின்றுவிட்டது. அங்கே சுற்றுகள் பிசகில்லாமல், பக்கம் பக்கமாக, இறுக்கமாகப் படிந்திருந்தன. யாரோ ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டார்கள்.

காற்றுக்குப் பாதி பிடித்துப் பாதி விடத் தெரியாது.

"முபஷ். கயிறு யாரு பிடிச்சது?"

"காத்துன்னு சொன்னேனே..."

"யாருடா?"

முபஷ்ஷிர் கரையைப் பார்த்தான். "நிதின்."

அதே செவ்வாய்க்கிழமைதான் திண்டிவனத்தில் நண்பன் கல்யாணம் என்று, அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு கிளம்பினான் பிள்ளை.

"எதுவரைக்கும் போனீங்க?"

"பாண்டிச்சேரி."

இரண்டு பேரும் சேர்ந்து நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள். காற்றின் மேல் பழியைப் போட்டவனுக்குக் கொஞ்சம் முன்னால் நன்றி வேறு சொல்லியிருந்தார். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

"அவனுக்குத்தான் குமட்டுமே!"

"அதெல்லாம் ஒண்ணும் கெடயாது மச்சான். அவனுக்குக் கடல்னா உசுரு. ஒன்கூட வர்றதுதான் பயம். நீ தப்பு கண்டா கத்துவியாம். மாமா, நீங்க கூட்டினு போங்கன்னு வந்து நின்னான். இன்னா பண்றது சொல்லு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கினான்."

தனக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான். ராகவன் சிக்கின கயிற்றையே பார்த்தார். அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"பாதியில ஏன் விட்டான்?"

"பக்கத்துல டால்பின் துள்ளிச்சு. ரெண்டு கையும் வுட்டுட்டு கைதட்டிச் சிரிச்சான். பாய் படார்னு பிரிஞ்சு என்னத் தள்ளிடுச்சு."

"நீ அவனை என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? நானும் சேந்து சிரிச்சேன்."