வென்டேயின் கல்லீரலில் ஒரு மச்சான்

செங்டு நகரத்தில் மருத்துவர் லூ அம்மாளின் மேசையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். ஒருவருக்கு நாடி பார்த்தால் ஊரே காது கொடுக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வென்டே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விலாவுக்குக் கீழே வலி. சோறு இறங்குவதில்லை, பெருமூச்சு மட்டும் ஓய்வதில்லை.

லூ அம்மாள் அவருடைய இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடினார். "நாடி வீணைத் தந்தி மாதிரி விறைச்சு நிக்குது. கல்லீரல்ல அடைப்பு. யார் மேலய்யா கோபம்?"

"எனக்கா? யார் மேலயும் இல்லீங்க."

"கோபத்த முழுங்கினா வயித்துக்கா போகும்? நேரா ஈரல்ல போய் உக்காந்துக்கும். கஷாயம் தர்றேன். ஆனா வாயத் தொறந்து கொட்டினாத்தான் வலி போகும்."

எங்கே கொட்டுவது? புத்தாண்டு விருந்துக்கு வந்த மச்சான் ஷாவ்பெங், கோடை பிறந்தும் கூடத்து சோபாவை விட்டு எழுந்தபாடில்லை. மனைவி யூஜெனுக்கு அவன் ஒரே தம்பி. அவள் மனசு நோகுமே என்று மனுஷன் வாயே திறக்கவில்லை, பாவம்!

"அப்படியே எனக்கும் பாருங்க டாக்டரம்மா," என்று பக்கத்திலிருந்த யூஜென் கையை நீட்டினாள்.

விரல் வைத்ததுமே லூ அம்மாள் சிரித்துவிட்டார். "அடியம்மா! உன் தந்தி இவரதவிட இறுக்கம்!"

"புருஷன் மேலதான் இருக்கும், வேற யாரு!" என்றாள் காய்கறிப் பையோடு நின்ற ஒருத்தி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

யூஜெனுக்கு முகம் சிவந்தது. "இவர் மேல எதுக்கு? என் தம்பி மேலதான்! பொழுதன்னைக்கும் சூரியகாந்தி விதையக் கொறிச்சுத் தோலத் தரையில துப்புறான். இவருக்கு அவன்னா உசுருன்னு நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எனக்கா? உசுரா?" வென்டே துள்ளி எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஷாவ்பெங்கே உள்ளே நுழைந்தான். "இன்னுமா முடியல மாமா? பசி உயிர் போகுது. சும்மாதானே நிக்கிறேன், எனக்கும் பாருங்க டாக்டரம்மா."

லூ அம்மாள் பார்த்தார். "ஆகா! ஓடைத் தண்ணி மாதிரி ஓடுது. உன் ஈரலுக்கு ஒரு கவலையும் இல்லப்பா. நூறு வயசு இருப்பே."

"கேட்டீங்களா மாமா? எல்லாம் உங்க வீட்டுச் சாப்பாடு!"

"அந்த நூறையும் உன் வீட்டுல போய் இருடா!"

வென்டே போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கூட்டம் கைதட்டியது. அவருக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது.

ஷாவ்பெங் திருதிருவென்று விழித்தான். "அப்ப... மத்தியானச் சோறு?"

"சாப்பிட்டுட்டே கெளம்பு," என்றாள் யூஜென். "துணிய நான் மடிச்சு வைக்கிறேன்."