பத்துப் பாயிண்ட்

குளிர்ப்பெட்டியின் ப்ளக்கைச் சொருகிய கையோடு மூன்றாம் முறையாக ஃப்யூஸ் போயிற்று. ஹாலில் மின்விசிறி நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். பெட்டிக்காரர் வியர்வையைத் துடைத்தபடி, கண்ணாடி மூடிக்குள் ஒரு கவலையும் இல்லாமல் படுத்திருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு மூலையைக் காட்டினார்.

"அங்க பீரோ மாதிரி ஒண்ணு நிக்குதே, அதுவும் கரண்ட் இழுக்குது. ரெண்டும் சேர்ந்தா உங்க வீட்டு லைன் தாங்காதுங்க. அத நிறுத்துங்க."

"அத நிறுத்தக் கூடாது" என்று மகளும் மாமாவும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அது பீரோ இல்லை, ஆள் உயரத்துக்கு நிற்கும் பழைய வீடியோ கேம் மெஷின். நாணயம் போட்டு விண்கலங்களைச் சுடுகிற ஆட்டம். அதன் திரை இருண்டு பதினோரு வருஷம் ஆகிறது. ஆட்டத்தின் போர்டு மட்டும் உள்ளே அணையாமல் ஓடிக்கொண்டு, இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது. அணைத்தால் அதிலிருக்கும் ஸ்கோர் பட்டியல் அழிந்துபோகும். மின்சாரம் போனாலும் நிற்காதிருக்க அப்பா அதற்குத் தனியாக ஒரு பேட்டரி வாங்கி வைத்திருந்தார். ஃபிரிட்ஜுக்குத்தான் பேட்டரி வேண்டும் என்று அம்மா கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. தையல்கார மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாராவாரம் வந்து அப்பாவின் முதலிடத்தைப் பிடிக்கப் பார்ப்பார். அன்றைக்கு ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது திரை பட்டென்று இருண்டது. மாமா விடவில்லை, இருட்டிலேயே ஆடி முடித்தார். புது ரெக்கார்டுக்கு வாசிக்கிற இசையைக் காதால் கேட்டேன் என்றார் மாமா. அது தோற்றதற்கு வாசிக்கிற இசை என்றார் அப்பா. திரை வராமல் யாரால் தீர்ப்புச் சொல்ல முடியும்? பதினோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரு வழக்கிலேயே போயின.

இதில் பெரிய கூத்து, அப்பாவுக்குத் தொழிலே பழைய மானிட்டர் ரிப்பேர்தான். எங்கெங்கிருந்தோ இப்படிப்பட்ட மெஷின்களை வண்டியில் ஏற்றி அவரிடம் அனுப்புவார்கள். மகளும் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதே வேலைதான் பார்த்தாள். சொந்த மெஷினை மட்டும் திறக்க விடமாட்டார். "பார்ட்ஸ் கிடைக்கல" என்பார். கிடைக்காத அந்தப் பார்ட்ஸை அவளே பத்து மெஷின்களில் மாட்டியிருக்கிறாள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

"பக்கத்து வீட்லேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கலாம்" என்றாள் மகள்.

அம்மா எழுந்து வந்தாள். காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒரு வயரும் வேணாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு குறட்டைய பொறுத்துக்கிட்டேன். பதினோரு வருஷமா இது போடுற முனகலையும் பொறுத்துக்கிட்டேன். அவரு சத்தம் நின்னுபோச்சு. இதுவும் நிக்கட்டும்."

சொல்லிக்கொண்டே மெஷினின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஃப்யூஸ் போனதுமே விழித்துக்கொண்ட பேட்டரி மறுபடி 'பீப்' என்றது. பெட்டிக்காரர் ஃப்யூஸைப் போட்டார். குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மகளின் அண்ணன் விமானம் பிடித்து நாளைதான் வருகிறான், அதுவரை அப்பா தாங்க வேண்டும்.

"அக்கா" என்றார் மாமா. ஐம்பத்தெட்டு வயது மனிதர், மிட்டாய் கேட்கிற பிள்ளையைப் போல நின்றார். "நான் சாகறதுக்குள்ள அந்த லிஸ்ட்ட ஒரு தடவ பாத்துடணும்னு இருந்தேன். அவரு முந்திக்கிட்டாரு."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்?"

"நாப்பது நிமிஷம்" என்றாள் மகள்.

"அதுக்குள்ள பாத்துத் தொலைங்க. அப்புறம் அந்தப் பேச்சே இந்த வீட்ல வரக் கூடாது."

மகள் கருவிப்பையை எடுத்துக்கொண்டு மெஷினின் பின்னால் போனாள். போர்டு ஓடும்போதே மானிட்டரில் கைவைக்க வேண்டும். படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட் இருக்கும். அதனால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அப்பா முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா ஆளும் உள்ள போயிடும். மாமா முன்பக்கத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, போட்டோ எடுக்கத் தயாராக நின்றார்.

பேட்டரி அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் பீப் போட்டது. துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மா அழுகையை நிறுத்திக் காதைக் கொடுத்தார். "ஏங்க, இன்னும் துடிக்குது போலருக்கே" என்று பெட்டிக்காரரின் கையைப் பிடித்தார். அது அவர் இல்லை, அவருடைய பேட்டரி என்று அந்த அம்மாளுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் கரைந்தது.

பின்பலகை கழன்றது. மகள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். எந்த மானிட்டரைச் சரிசெய்தாலும் அதன் இரும்புச் சட்டத்தில் பென்சிலால் தேதி எழுதிவைப்பது அப்பாவின் வழக்கம். இதிலும் ஒரு தேதி இருந்தது. அதன் கீழே, கெப்பாசிட்டர் மாற்றியது என்று அவருடைய குண்டு எழுத்து. தேதியைப் பார்த்துவிட்டு அவள் மனசுக்குள் எண்ணிப்பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை போன திரை. இது அடுத்து வந்த புதன்கிழமை.

டார்ச்சை நகர்த்தினாள். மானிட்டருக்குப் போகும் மின்வயரின் கனெக்டர் தனியாகக் கழன்று தொங்கியது. கருப்பு டேப் சுற்றி, எதிலும் படாமல் ஓரமாக ஒதுக்கிக் கட்டியிருந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது. பிறகு பிரிக்கிறவனுக்கு நகம் நோகக் கூடாது என்று அப்படி மடிக்கிற மனிதர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஆறடி தள்ளிப் படுத்திருந்தார்.

அடப்பாவி அப்பா.

மூன்றே நாளில் சரிசெய்திருக்கிறார். பட்டியலைப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகு கழற்றிவிட்டிருக்கிறார். ஜெயித்திருந்தால் அந்த மனிதர் கழற்றுவாரா? மாமாவைக் கூப்பிட்டு, தெருவைக் கூப்பிட்டு, திரையைத் துடைத்து வைத்திருப்பாரே. நெஞ்சில் கைவைத்து, "பார்ட்ஸ் கிடைக்கல மாப்ள" என்று எத்தனை ஞாயிறு சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய முகம் எவ்வளவு வருத்தமாக இருந்தது என்பது நினைவுக்கு வர, அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டார்ச் வாயிலிருந்து விழுந்தது. தலை மெஷினுக்குள், தோள்கள் வெளியே குலுங்கின.

"அழுதுடும்மா" என்று பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து முதுகைத் தடவினார். "காலையிலேர்ந்து கல்லு மாதிரி இருந்தியே. நல்லா அழுதுடு."

அந்தக் கை முதுகில் பட்டதும் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இருட்டுக்குள், ஈயமும் தூசியும் வாடையடிக்க, மூக்கைச் சிந்த ஒரு துணிகூட இல்லாமல் அழுதாள்.

"என்னம்மா, வருமா வராதா?" முன்பக்கத்திலிருந்து மாமா.

வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேட்டரி தீர்ந்துவிடும், பட்டியல் போய்விடும், அப்பாவின் மானம் தப்பிவிடும். ஊரே வந்து கும்பிட்டுப் போகிற நாளில் அவரை ஏமாற்றுக்காரராக எப்படிக் காட்டுவது? ஆனால் அந்தப் பக்கம் நிற்கிறவர் பதினோரு வருஷமாகப் பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாராவாரம் வந்தவர். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அவள் டேப்பைப் பிரித்து, வேலைப் பழக்கத்தில் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு, கனெக்டரைச் சொருகினாள்.

படக்குழாய் தொம்மென்று அதிர்ந்தது. திரை இழுக்கிற மின்சாரத்தில் பேட்டரி விடாமல் கத்த ஆரம்பித்தது. பச்சையாக ஏதோ ஒன்று நெளிந்துகொண்டு மேலே உருண்டது. பதினோரு வருஷம் சும்மா கிடந்தால் யாராக இருந்தாலும் நெளியத்தான் செய்வார்கள். சின்னத் திருப்புளியால் படத்தை நிறுத்துகிற திருகை இம்மி இம்மியாகத் திருப்பினாள். உருளல் நின்றது. எழுந்து முன்னால் ஓடினாள்.

பட்டியல் வந்திருந்தது. இரண்டாமிடத்தில் அப்பா தன் பெயருக்குப் பதிந்த மூன்று எழுத்து, 48,350. முதலிடத்தில் 48,360, எதிரே மூன்று 'ஏ'.

மூன்று 'ஏ' என்றால் ஜெயித்தவன் பெயரைப் பதியவில்லை என்று அர்த்தம், மெஷினே போட்டுக்கொண்டது. இருட்டில் ஆடியவன் எப்படிப் பதிவான்? இது அவளுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தைப் பாதி வயது ஆடிய மாமாவுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

மாமா போட்டோ எடுக்கவில்லை. பச்சை வெளிச்சம் முகத்தில் விழ, வாய் லேசாகத் திறந்திருக்க, பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன ஃபால்ட்டு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கெப்பாசிட்டர் மாமா. மாத்திட்டேன்."

தலையாட்டினார். அவளுடைய சட்டைக் கையில் எதையோ கண்டு தன்னையறியாமல் கையை நீட்டினார். எதிரில் நிற்பவர் உடுப்பில் நூல் ஒட்டியிருந்தால் பேசிக்கொண்டே எடுத்துவிடுவது அவருக்குக் கடைப் பழக்கம். கையில் வந்தது நூல் இல்லை, டேப். அதன் மடித்த நுனியில் அவருடைய கட்டைவிரல் நின்றது. டேப்புக்கும் ஓரம் அடிக்கிற ஆள் என்று அப்பாவை எத்தனையோ தடவை கிண்டல் செய்தவர் அவர்தான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள். பேட்டரி கத்திக்கொண்டே இருந்தது.

"என்னடா ஆச்சு?" குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. "யாரு முதல்ல?"

மாமா திரையை மறைத்தபடி திரும்பினார். செல்போனைப் பாக்கெட்டில் போட்டார்.

"மச்சான்தான்" என்றார்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்த மனுஷன் அதத்தானடா இத்தன வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாரு. கேட்டியா நீ?"

"கேக்கலக்கா."

"எவ்ளோல தோத்த?"

"பத்துப் பாயிண்ட்."

பேட்டரி ஒரு நீளக் குரல் கொடுத்து ஓய்ந்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னால் பட்டியல் சுருங்கி ஒரு பச்சைப் புள்ளியாகி அணைந்தது. முனகலும் நின்றது. குளிர்ப்பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிற மாதிரி, அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கையிலிருந்த டேப்பின் மறு நுனியையும் அதே அளவுக்கு மடித்து நகத்தால் நீவினார்.