அழாமலிருக்க ஒத்திகை

காரை நிறுத்திய பிறகு மகள் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"அம்மா எப்படிப்பா போனாங்க?"

அப்பா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அழுத்தினார். தொண்டை முடிச்சு மேலே ஏறி, நின்று, இறங்கியது. "தூக்கத்துல. வலி தெரியாம," என்றார், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதைப் போல.

"கண்ணு?"

"வறண்டு கெடக்கு. வேணும்னா தொட்டுப் பாரு, பொடிசு."

அவள் சிரித்தாள். இந்த ஒரு வாரமாக இருவரும் பழகியது இதைத்தான். பல் தேய்த்துவிட்டு வரும்போது, துணி மடிக்கும்போது, பாதிச் சாப்பாட்டில் திடீரென்று அவள் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்பாள். அவர் கண் கலங்காமல் பதில் சொல்ல வேண்டும். முதலில் 'அம்மா' என்ற சொல்லிலேயே உடைந்துபோனார். பிறகு நாக்கை அழுத்தும் வித்தையைக் கற்றுக்கொண்டார். அம்மாவின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது. அதைத் தாண்டி நடப்பதுகூட ஒரு பாடமாயிற்று.

எல்லாம் அண்ணனுக்காக. அம்மா போனதிலிருந்து அப்பா எதற்கெடுத்தாலும் அழுதார். குழாயைத் திறந்தால் அழுகை. கடைக்காரர், "எங்கே, அக்கா வரலையா?" என்றால் அழுகை. ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அண்ணன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

"மூளை தளர்ந்துடுச்சு. தனியா விட்டா ஒரு நாள் வீட்டையே கொளுத்திருவாரு. முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்கு, சேத்துடலாம்."

அவள் வேறு ஊரில், ஒற்றை அறை வீட்டில், மாமியாரோடு குடித்தனம் நடத்துகிறவள். "நான் வச்சுக்கறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. மல்லுக்கட்டி ஒரு வாக்கு மட்டும் வாங்கினாள். ஞாபகப் பரிசோதனை செய்வது. தேறினால் அப்பா தன் வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் அவள் குறுக்கே பேசக் கூடாது. "அங்க போய் ஒப்பாரி வச்சார்னா கதை முடிஞ்சுது," என்றான் அண்ணன். அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கைப் பற்றிக் கவலையே இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கடகடவென்று இறங்கி வருவார். லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "மாடி மாடியா எறங்கறதுதானே," என்பார்.

மருத்துவமனை லிப்டிலும் சும்மா இருக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கயிறு சிணுங்குது. கவனிக்க ஆளில்லபோல. உங்கம்மாகூட இப்படித்தான், வாயத் தொறந்து கேக்காம..."

நிறுத்திக்கொண்டார். நாக்கு மேலே போனது. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பரிசோதனை செய்கிற பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். மகளைப் பின்னால் உட்காரவைத்து, "நீங்க எதுவும் எடுத்துக் குடுக்கக் கூடாது," என்றாள். அப்பாவிடம் குனிந்து, "ஐயா, அஞ்சு வார்த்தை சொல்வேன். அப்புறமா கேப்பேன். மரம், சாவி, கம்பளி, மணி, ஆறு."

அவர் திருப்பிச் சொன்னார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்."

"மனைவி?"

பின்னாலிருந்து அவளுக்கு அவருடைய கழுத்து தெரிந்தது. அதில் ஒரு நரம்பு புடைத்தது. மேசைக்கடியில் வலக்கை இடக்கையின் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"தவறிட்டாங்க. தூக்கத்துல. வலி தெரியாம."

அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் தலை நிமிர்ந்து, "ஒரு நிமிஷம் ஆகட்டுமா ஐயா? தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

"வேணாம், வேணாம். நல்லாத்தான் இருக்கேன். கேளுங்க."

நூறிலிருந்து ஏழு. தொண்ணூற்று மூன்று என்றார். எண்பத்தாறு என்றார். அப்புறம் நின்றார். உதடுகள் அசைந்தன, எண் வரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டின் முன்னால் அவர் இப்படி நின்றதை அவள் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கையில் கருவிப்பெட்டி இருந்தது. "எண்பத்து... எழுபத்து..." என்றவர், "எங்கே விட்டேன்?" என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டம் அழகாக வந்தது, எண்களும் சரி. முட்களைத்தான் மாற்றிப் போட்டார். ஐந்து வார்த்தைகளில் 'மரம்' வந்தது. வெகுநேரம் கழித்து 'சாவி' வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தையே கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

கண் மட்டும் வறண்டிருந்தது.

அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் திரும்ப உள்ளே ஓடினாள்.

"நேத்து எல்லாம் சரியாச் சொன்னாருங்க. காலைலேர்ந்து அழுகைய அடக்கிட்டே வந்தாரு, அதுலயே ஓஞ்சுபோயிட்டாரு. அதான்."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "இருக்கலாம். மனச அடக்கிட்டே இருந்தா அப்புறம் யோசிக்கத் தெம்பு இருக்காதுன்னு சொல்றவங்க இருக்காங்க. சோதிச்சுப் பாத்துட்டு, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உங்க அப்பாவுக்கு எதுன்னு எனக்குத் தெரியல. நான் பாத்ததைத்தான் எழுத முடியும்."

"இன்னொரு தடவ வச்சுப் பாருங்களேன்."

"உடனே வச்சா கேள்வியெல்லாம் பழகியிருக்கும். சில மாசம் போகணும்."

இல்லத்தில் காலியாயிருக்கும் இடம் சில மாதம் காத்திருக்காது. அண்ணனும் காத்திருக்க மாட்டான்.

அந்தப் பெண் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அவரை யாரு அடக்கச் சொன்னது? அழுதா நாங்க ஒண்ணும் கொறைக்க மாட்டோமே. அழுது முடிக்கட்டும்னு விட்டுட்டு, அப்புறந்தான் ஆரம்பிப்போம்."

தன் நாக்கு தானாகவே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை அவள் உணர்ந்தாள். அம்மா போனதிலிருந்து அவளும் ஒரு சொட்டு அழவில்லை. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் யாருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்று இப்போதுதான் தோன்றியது.

லிப்டின் கதவு மூடியதும் அப்பா கேட்டார், "இப்ப அழலாமா?"

"அழுங்கப்பா."

சுவரில் கை வைத்து நின்றபடி அழுதார். சத்தமில்லாமல் தொடங்கி, தோள் குலுங்கி, கடைசியில் சின்னப் பிள்ளையைப் போல விக்கி விக்கி. கீழே கதவு திறந்தது. ஏற நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காரில் ஏறி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, சாவியைத் திருப்பப்போன அவள் கையைப் பார்த்தார்.

"கம்பளி," என்றார். "மரம், சாவி, கம்பளி, மணி, ஆறு. எண்பத்தாறுக்கப்புறம் எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு... அட, இங்கதான் இருந்துச்சு பாரேன்!"

கைப்பையில் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். அவள் எடுக்கவில்லை.

"பெரியவனா? எடுத்துச் சொல்லு," என்றார் அப்பா. ஈரமான முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிச்சி. "மூணு வார்த்தை விட்டுப்போச்சுதான். ஆனா உள்ள ஒரு சொட்டு விடல. நீ பாத்துட்டுதானே இருந்தே?"

"பாத்தேம்பா."

"அப்ப வீட்டுக்குப் போலாம்," என்று சொல்லி, அவர் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.