லேடீஸ் செட்

பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கியதும் என் கணவர் ஜெபசீலன், "நீதான் கோல்ஃப் கத்துக்கப்போறேன்னு சொல்லிடலாம் சாராள்" என்றார். குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவர் போட்ட திட்டம் அது. எனக்கு வயது நாற்பத்தொன்பது, பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், கட்டியிருந்தது கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை. என்னைப் பார்க்கிற யாரும் இதை நம்ப மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். பேச்சு திரும்பியதும் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம், "ஆபீஸ்ல ஜாண்டிஸ்னு சொல்லு" என்பதுதான். எங்கள் சபையைச் சேர்ந்த டாக்டர் தனசிங் தலையைச் சொறிந்துகொண்டே அதற்கு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். ஆபீஸுக்குச் சொன்ன பொய்யை எல்லாருக்கும் சொல்லவேண்டியதாகிவிட்டது. ஜாம்ஷெட்பூரில் இருக்கிற மகளுக்கும் அதையே எழுதினேன். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் காமாலைக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். நான் ஆமென் சொன்னேன். தெரு முழுக்கக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தது. வீணாக்குவானேன் என்று அரைத்து மோரில் கலந்து நானே குடித்தேன்.

கால் நேராகிவிட்டது. வாயும் நேராகிவிட்டது. இடது கையில் பலம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. "கை இருக்கு, ஆனா இருக்கறது தெரியல" என்பார். சட்டைப் பையில் கை விட்டால் போய்ச் சேர்ந்ததா என்று குனிந்து பார்த்துக்கொள்வார். பொத்தான்களை நான்தான் போட்டுவிடுவேன். நாங்கள் இதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டுக்கு வந்த பிறகும் சரி, நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு வருத்தமாக இல்லை. பயமாகவும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவருக்கு ஒரு கைதான் மரத்துப்போயிருந்தது, எனக்கு முழு ஆளே அப்படித்தான் இருந்தது. இட்லி ஊற்றினேன், பிள்ளைகளுக்கு ஹெம்மிங் சொல்லிக்கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடினேன்.

ஜூன் மாதம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. கிண்டியில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது மூன்று வருஷம் நீட்டிப்பு கொடுப்பார்கள். கொடுக்கிறவர் எம்.டி. தோத்தாத்ரி. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு நீட்டிப்பு கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாரோ, அவரைச் சனிக்கிழமை காலை கோல்ஃப் ஆடக் கூப்பிடுவார். ஒன்பது குழி ஆடுவார்கள். ஆபீஸ் விஷயம் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். திங்கட்கிழமை முடிவு தெரிந்துவிடும். கூப்பிட்டு வராதவனுக்கு முடிவு அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பெனியில் பாதிப் பேர், கோலி விளையாடி வளர்ந்த மனிதர்கள், கோல்ஃப் கற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். அதைவிட, காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இல்லையென்றால் இந்த மனிதர் மீதி நாளை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை வரச்சொல்லி எம்.டி. சொல்லியனுப்பியிருந்தார்.

என் கணவரிடம் ஒரு செட் இருக்கத்தான் செய்தது. லண்டனுக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் வாங்கியது. கோல்ஃபில் இரும்புத் தலை வைத்த மட்டைகளை அயர்ன் என்பார்கள். அவருடையவை நல்ல கனமான அயர்ன்கள். பதினோரு வருஷம் அவர் பேச்சைக் கேட்டவை. இப்போது கொல்லைப்புறத்தில் எடுத்து வீசிப் பார்த்தபோது ஏழாம் நம்பர் அவர் கையிலேயே திரும்பிக்கொண்டது. இடது கை எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால்தானே? இரண்டாம் தடவை மட்டை கழன்று போய் மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பாம்பா?" என்று கேட்டாள். ஆமாம், போய்விட்டது என்றேன்.

அதனால்தான் கனம் குறைந்த லேடீஸ் செட் தேடிப் பல்லாவரம் வந்தோம். வில்பிரட் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்களின் மட்டைகளைச் சேர்த்துவைத்து, கைப்பிடித் தோல் மாற்றி விற்பவர். வீட்டுக்குப் பின்னால் மலையைப் பார்த்த மாதிரி ஒரு காலி மனை. அங்கே இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் பழைய மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இன்னா மேன் ஜெபசீலன், ரொம்ப எளைச்சுப் பூட்டியே! ஜாண்டிஸாமே?"

"ஆமா, இப்போ பரவாயில்ல. செட்டு எனக்கில்ல, இவங்களுக்கு. லைட்டா ஏதாவது இருந்தா காட்டுங்க."

வில்பிரட் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "குட், வெரி குட்" என்று உள்ளே போய் ஒரு செட் கொண்டுவந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி வைத்திருந்தது. மெல்லிய தண்டு, சின்னத் தலை, கைப்பிடியில் குங்குமச் சிவப்புத் தோல். வில்பிரட் பேச ஆரம்பித்தால் கொடி காட்டினாலொழிய நிற்கமாட்டார். "மேடம், செட்டு நல்லதா கெட்டதான்னு கேக்கக்கூடாது. உன் வீச்சுக்கு ஒத்துவருதா? அதான் பாக்கணும். சில ஆளு பேரைப் பாத்து வாங்கிக்கினு போவான். அப்பால கையில முரண்டு பண்ணும்."

தரையில் ஒரு பலகையைப் போட்டார். அதன்மேல் பந்தை வைத்தார். ஏழாம் நம்பர் அயர்னின் அடிப்பாகத்தில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒரு துண்டு ஒட்டினார். அடிக்கிறபோது அயர்ன் பலகையில் உரசும், பிளாஸ்திரியில் தடம் விழும். நடுவில் விழுந்தால் அந்த மட்டை நமக்கானது. முனையிலோ குதியிலோ விழுந்தால் வேறு பார்த்துக்கொள்ளவேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. உடம்பை அளக்காமல் துணியை வெட்டுகிறவர்களை நான் பள்ளிக்கூடத்தில் திட்டுவது வழக்கம்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீசினேன். முதல் வீச்சு காற்றோடு போயிற்று. அடுத்ததில் பந்து எங்கோ உருண்டது. வில்பிரட் அயர்னைத் திருப்பிப் பார்த்தார். தடம் முனையோரம் விழுந்திருந்தது.

"மேடம் ஒசரம். இது குள்ள லேடியோட செட்டு. உனக்குச் சரிப்படாது. இரு, வேற ஒண்ணு கீது."

எங்கள் வீட்டில் பரண்மேல் இருந்து சாமான் எடுப்பது நான்தான். என் கணவர் என் காது உயரம்தான். இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. "இல்ல, இல்ல. இதுவே இருக்கட்டும்" என்றார் அவர் அவசரமாக.

"ஒத்துவராததை எடுத்துக்கினு போயி இன்னா மேன் பண்ணப்போறே?"

"அவளுக்கு அடிக்கத் தெரியல. நான் அடிச்சுக் காட்டறேன்."

வில்பிரட் பழைய பிளாஸ்திரியை உரித்துத் தன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு புதியதை ஒட்டினார். என் கணவர் அயர்னை வாங்கினார். வலது கையைக் கொண்டு இடது கையை எடுத்து, அந்தச் சிவப்புத் தோலின்மேல் வைத்தார். விரல்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். அயர்ன் தோளுக்குமேல் போய் வந்தது. நல்ல சத்தம். பந்து மீன்வலையின் நடுவில் போய் மோதி, வலை கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில், பல மாதமாக நான் பார்க்காத ஒரு திருட்டுச் சந்தோஷம் வந்துபோனது. அது எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

தடம் நட்டநடுவில் விழுந்திருந்தது. வில்பிரட் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு பிளாஸ்திரிகளையும் உள்ளங்கையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அவர் வலது கையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கை அயர்னை விடவேண்டும் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. வில்பிரட் எழுந்து மட்டைகளைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்.

"மேடத்துக்கு இதான் கரெக்ட்டு" என்றார். சாக்கைக் கட்டும்போது, தலை நிமிராமல், "கைப்பிடிக்குக் கறுப்புத் தோல் மாத்தித் தரட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். அவளுக்குச் செகப்புதான் பிடிக்கும்" என்றார் என் கணவர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரோ வில்பிரட்டோ எனக்கு நினைவில் இல்லை. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கவேண்டும் என்று மட்டும் நினைவிருந்தது.

சனிக்கிழமை விடியும்போதே எம்.டி.யின் கார் வாசலில் வந்து நின்றது. என் கணவர் அயர்ன்களோடு வெளியே போனார். தோத்தாத்ரி காரிலிருந்து இறங்கி, பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்புக் கைப்பிடிகளைக் கவனித்தார். இதற்கான பதில் எங்களிடம் தயாராக இருந்தது. "என் செட்டு தோல் மாத்தக் குடுத்திருக்கேன் சார். இது மிஸஸோடது. இன்னிக்கு ஒருநாள் சமாளிச்சுக்கறேன்."

தோத்தாத்ரி முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்க மிஸஸ் ஆடறாளா? சொல்லவே இல்லையே ஜெபசீலன்! மேடம், நீங்களும் வாங்கோ. ஆத்துல என்ன பண்ணப்போறேள்?"

இட்லிக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

கிண்டியில் புல் பனியில் நனைந்திருந்தது. நான் புடவையை ஓரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தோத்தாத்ரி தன் பந்தை அடித்தார். அது நேராகப் போய்த் தூரத்தில் விழுந்தது. அடுத்து என் கணவரின் முறை. அவர் முன்னால் வரும்போது எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். "லேடீஸ் ஃபர்ஸ்ட்டுன்னு நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். மேடம், நீங்க அடிங்கோ. உங்க செட்டாச்சே."

பைதூக்கி வந்த ஆள் ஏழாம் நம்பரை உருவி என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு நின்றேன். தோத்தாத்ரி முட்டாள் இல்லை. நான் தவறவிட்டால் இந்த செட் என்னுடையது இல்லை. என்னுடையது இல்லையென்றால், ஒரு ஆண்பிள்ளை எதற்குப் பொம்பளை செட் வைத்துக்கொள்கிறான்? ஒன்பது குழி முடிவதற்குள் அந்தக் கேள்வி என் கணவருடைய இடது கைக்கு வந்து சேர்ந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்னொருத்தி வீட்டுக் கதை போலத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார். அவ கிரிப்பு தப்பாப் பிடிச்சிருக்கா."

என் கணவர் என் பின்னால் வந்து நின்றார். கோயிலில்கூட ஆண்கள் பக்கம் உட்காருகிறவர், தெருவில் நான்கு அடி முன்னால் நடக்கிறவர், தன் முதலாளி பார்க்க என்னைச் சுற்றிக் கைகளைக் கொண்டுவந்து என் கைகளின்மேல் வைத்தார். வலது கை லேசாகப் பட்டிருந்தது. இடது கை என் இடது கையின்மேல் மூடி, இறுக ஆரம்பித்தது. என் மோதிரம் எலும்பில் ஏறியது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கின. அவருக்குத் தெரியவில்லை. என் தோளுக்குமேல் எட்டி எம்.டி.யிடம், "புது ஆள் சார், கொஞ்சம் பொறுமையாப் பாருங்க" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இறுக்கம் கூடிக்கொண்டே போனது.

வலித்தது. தாங்கமுடியாமல் வலித்தது. விடுங்க என்று சொன்னால் எம்.டி. காதில் விழும். பல்லைக் கடித்துக்கொண்டேன். கிணற்றடியில் அவரைத் தூக்கியபோது வராதது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வராதது, அத்தனை பேர் அழுது ஜெபித்தபோது வராதது, அப்போது கண்ணில் பொங்கிக்கொண்டு வந்தது. துடைக்க எனக்கு ஒரு கைகூட இல்லை.

"வெயில் கண்ணுல அடிக்கறதோ மேடம்?" என்றார் தோத்தாத்ரி.

"ஆமா சார்."

என் கணவர் விலகினார். வலது கை முதலில் போனது. பிறகு குனிந்து பார்த்து, தன் இடது கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். சிவப்புத் தோலின்மேல் என் விரல்கள் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் ரத்தம் குத்திக் குத்தித் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே பந்து இரண்டாகவும் மூன்றாகவும் கலங்கித் தெரிந்தது. அதில் நடுவில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு அயர்னைத் தூக்கினேன்.